இடதுகைக்காரனுக்கு ஒரு ரைஃபிள்

நல்ல துப்பாக்கிதான் ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதன்மேல் எனக்கு ஏதோ காழ்ப்பு என்று நீங்களும் எழுதிக்கொள்வீர்கள். ஏற்கெனவே நிறையப் பேர் அப்படி எழுதிவிட்டார்கள்.

என் மச்சினனின் இடது கண் போன விஷயமாகத்தான் வந்திருக்கிறேன். யாரும் ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை, நானாக வந்தேன். குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, உங்கள் விசாரணை அலுவலகம் திறக்கும்போது வாசலில் நின்றேன். ஆனால் கண்ணிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. துப்பாக்கியிலிருந்து ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆர்மரர். படையின் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்து, பழுது பார்த்து, எண்ணிப் பூட்டி வைப்பது என் வேலை. இருபத்தாறு வருஷமாக அதுதான். படை புதிதாக எந்த ஆயுதத்தை வாங்க நினைத்தாலும் ஒரு பரிசோதனைக் கமிட்டி போடுவார்கள். ஆயுதத்தைப் பயிற்சிக்குத் தயார் செய்வதும், அதன் நிறை குறைகளை எழுதித் தருவதும் ஆர்மரரின் பொறுப்பு. எதை வைத்துக்கொள்வது, எதை அடிப்பது என்பது கமிட்டித் தலைவரின் பொறுப்பு. எங்கள் தலைவர் அடிப்பதென்றால் ஸ்கேல் வைத்துத்தான் அடிப்பார். கோடு அவ்வளவு நேராக இருக்கும்.

இந்த முறை வந்தது குட்டை ரைஃபிள். புல்பப் என்பார்கள். சாதாரண ரைஃபிளில் தோட்டா அடுக்கிய மேகசின் ட்ரிகருக்கு முன்னால் இருக்கும். இதில் மேகசின், தோட்டா வெடிக்கும் அறை எல்லாமே ட்ரிகருக்குப் பின்னால், தோளில் அணைக்கிற கட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். குழலின் நீளம் குறையாது, ஆனால் துப்பாக்கி ஒரு சாண் குட்டையாகிவிடும். வண்டியிலிருந்து இறங்கும்போது கதவில் இடிக்காது. குறுகலான மாடிப்படியில் சுவரில் உரசாமல் திரும்பலாம். எடை தோளோடு ஒட்டியிருப்பதால் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் கதவைத் திறக்கலாம். நான் பதினான்கு நிறைகள் எழுதினேன். காழ்ப்பு உள்ளவன் பதினான்கு நிறை எழுதுவானா, நீங்களே சொல்லுங்கள்.

குறைகள் பதினொன்று. ட்ரிகர் ஓரிடத்தில், அது தட்டிவிட வேண்டிய சுத்தி இன்னோரிடத்தில், நடுவில் ஒரு நீளக் கம்பி. அழுத்தினால் ஊறிப்போன பிஸ்கட்டை அழுத்துகிற மாதிரி இருக்கும், எப்போது வெடிக்கும் என்று விரலுக்கே தெரியாது. மேகசினை மாற்ற அக்குளுக்கு அடியில் துழாவ வேண்டும். வெடிச்சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். இதெல்லாம் புதுச்செருப்பு கடிப்பது மாதிரி. நாள்பட்டால் சரியாகிவிடும்.

பழகினாலும் சரியாகாத குறை ஒன்று உண்டு. என் பட்டியலில் ஏழாவது. ஒவ்வொரு தோட்டா வெடித்ததும் அதன் காலிக் கூடு, கொதிக்கிற சூட்டோடு, வலப்பக்கத் துவாரம் வழியாகத் தெறித்து வெளியே வரும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு அதனால் தொல்லை இல்லை, கூடு காற்றில் போய் விழும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு அந்தத் துவாரம் நேராகக் கன்னத்தைப் பார்த்து இருக்கும். கம்பெனிக்காரன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறான். உள்ளே ஒரு பாகத்தை மாற்றிப் போட்டால் கூடு இடப்பக்கம் தெறிக்கும். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் மாற்றிய துப்பாக்கியும் மாற்றாத துப்பாக்கியும் வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடி. மூடியைத் தள்ளி உள்ளே பார்த்தால்தான் எது எது என்று தெரியும். அவசரத்தில் ஒருவன் மாற்றி எடுத்துவிட்டால் அவன் முகம் அவ்வளவுதான்.

இடதுகைக்கு மாற்றிய துப்பாக்கியில் நான் ஒரு மஞ்சள் டேப் ஒட்டி வைத்தேன். கம்பெனி விற்பனையாளர் படம் எடுக்க வந்தபோது அது அசிங்கமாக இருக்கிறது என்றார். தலைவர் என்னைக் கூப்பிட்டு உரிக்கச் சொன்னார். உரித்தேன்.

இப்போது படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். எங்கள் பரிசோதனைப் படிவத்தில் மூன்று பத்திகள். நிறை, குறை, நிகழ்வு. குறை என்று ஒன்றை எழுதினால், அதற்கு நேராகப் பயிற்சியில் நடந்த ஒரு நிகழ்வைக் காட்ட வேண்டும். நாள், நேரம், யாருக்கு என்ன ஆனது. நிகழ்வு காலியாக இருந்தால் அது குறை அல்ல, ஆர்மரரின் அபிப்பிராயம். அபிப்பிராயத்தை அடித்துவிடலாம். நிறைக்கு மட்டும் நிகழ்வு கேட்பதில்லை. அதை விற்பனையாளர் வாயைத் திறந்தாலே எழுதிக்கொள்வார்கள்.

என் பதினொன்றில் எட்டைத் தலைவர் ஸ்கேல் வைத்து அடித்துவிட்டார். ஏழாவதும் அதில் போயிற்று. நான் அவருடைய அறைக்குப் போய் நின்றேன்.

"யோவ், எதக் குடுத்தாலும் உனக்கு நொட்டை சொல்லத்தான் தெரியுமா?" என்றார்.

"சார், இது ஆயிரத்து இருநூறு துப்பாக்கி. படையில பத்துல ஒருத்தன் இடதுகை. நூத்திஇருபது மூஞ்சி சார்."

"மூஞ்சி மூஞ்சிங்கிற. ஒரு மூஞ்சிக்காவது ஏதாவது ஆயிருக்கா? நிகழ்வு எங்கய்யா?"

செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட அவன் ஊதுகிறவனின் உதட்டையாவது பார்ப்பான். இவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

சரி, நிகழ்வுதானே வேண்டும் என்று மறுநாள் நானே சுட்டேன். மாற்றாத துப்பாக்கியை இடது தோளில் வைத்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நான்கு தோட்டா. இரண்டு கூடு தாடையில் பட்டுக் கொப்புளித்தது. ஒன்று கண்ணாடியில் பட்டுக் கீறல் விழுந்தது. கொப்புளத்தோடும் கண்ணாடியோடும் தலைவரிடம் போனேன்.

சிரித்தார். "நீ வலதுகைக்காரன்யா. சோத்துக்கையால சாப்பிடுறவன் இடதுகையால சாப்பிட்டா சட்டையில சிந்தத்தான் செய்யும். அது சட்டையோட குறையா?"

"அப்ப கண்ணாடியில விழுந்த கீறல் சார்?"

"கண்ணாடி அதுக்குத்தான இருக்கு? கண்ணுக்கு ஒண்ணும் ஆகலல்ல? நிஜமான இடதுகைக்காரன், நிஜமான பயிற்சி, கண்ணு மூஞ்சின்னு ஏதாவது போகட்டும். அன்னிக்கு எழுதிக்கலாம். இப்ப போய் வேலயப் பாரு."

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இது அவர் சொன்னது. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று பின்னால் சொல்வார். ஆனால் பரிசோதனை விதி என்ன என்று நான் கேட்டேன், அவர் சொன்னார், அவ்வளவுதான். நான் இருபத்தாறு வருஷமாக விதிப்படி வேலை செய்தவன்.

கமிட்டி கையெழுத்துப் போடும் நாள் வியாழக்கிழமை. புதன்கிழமை கடைசிப் பயிற்சி. அதிரடியாக வீட்டுக்குள் நுழையும் புது அணிக்குத் தேர்வானவர்கள், பலகையால் கட்டிய வீட்டுக்குள் அறை அறையாகப் போய்ச் சுட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஆறு பேரில் இடதுகைக்காரர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு மூன்று சின்னப் பிள்ளைகள், மனைவிக்கு வேறு உடம்பு சரியில்லை. இன்னொருவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. படையில் எல்லோரும் அவனை லெஃப்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த மூன்று பிள்ளைக்காரரை நினைத்தால் மனசு ஒப்பவில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளையை வைத்துப் பரிசோதனை செய்வது பாவம். நம் வீட்டுப் பிள்ளை என்றால் நமக்குள் பேசிக்கொள்ளலாம், நாளைக்கு ஒன்று என்றால் நாமே தாங்கிக்கொள்ளலாம். அதனால் அந்த மனிதரின் பெயரைக் காலை வரிசையிலிருந்து மதியத்துக்கு மாற்றினேன். இதில் நான் சுயநலமாக நடந்துகொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை லெஃப்ட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். அந்த அணியில் சேர வேண்டும் என்று நான்கு வருஷமாகத் தவம் கிடந்தவன். இரண்டு தடவை தேர்வில் தோற்று, மூன்றாவது தடவை தேறியிருந்தான். புதன்கிழமைப் பயிற்சியை ஒழுங்காக முடித்தால் அணியில் சேர்ப்பு உறுதி. சோற்றைப் பிசைந்தபடியே அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

"மாமா, அந்தக் குட்டைத் துப்பாக்கிய என் கைக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுத்துருவீங்கல்ல?"

என் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே, "உனக்குச் செய்யாம வேற யாருக்குடா செய்யப் போறாரு?" என்றாள்.

"மாத்தி வைக்கிறேன் மாப்ள," என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். செவ்வாய்க்கிழமை இரண்டாம் எண் துப்பாக்கியைத் திறந்து இடதுகைக்கு மாற்றி வைத்தேன். ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். புதன்கிழமை அவனிடம் கொடுத்தது ஒன்றாம் எண்.

துப்பாக்கியில் எண் இருக்கிறதே, அவன் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். எண் பொடி எழுத்தில் அடியில் இருக்கிறது. துப்பாக்கியை வாங்குகிறவன் எண்ணைப் பார்ப்பதில்லை, ஆர்மரரின் முகத்தைத்தான் பார்ப்பான். அதற்கென்று எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வாங்குகிறவன் தன் கையைச் சொல்ல வேண்டும். கொடுக்கிறவன் அதைத் திருப்பிச் சொல்லித் துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டிவிட்டால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். பார்ப்பது ஆர்மரரை அவமதிக்கிற மாதிரி.

"இடது," என்றான் லெஃப்ட்டு.

"இடது," என்றேன். தட்டினேன்.

பலகை வீட்டின் வாசலில் மீதி ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். வெயில் ஏறியிருந்தது. லெஃப்ட்டுக்கு வியர்வை அதிகம், சின்ன வயதிலிருந்தே அப்படி. அவன் திரும்பிப் பார்த்து, "மாமா, கண்ணாடில ஆவி படியுது, ஒண்ணும் தெரியல," என்றான்.

"குடு, தொடச்சுத் தரேன்."

வாங்கித் துடைத்தேன். துணியால் ஒரு தடவை, சட்டை நுனியால் ஒரு தடவை. ஊதிப் பார்த்து மறுபடியும் ஒரு தடவை. கண்ணாடி இல்லாமல் ஒருவன் நின்றால் பயிற்சியை நிறுத்த வேண்டியது ஆர்மரர்தான், வேறு யாருக்கும் அந்த வேலை கிடையாது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். விசில் ஊதிவிட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். உள்ளே போய்விட்டான்.

முதல் அறை காலி, மூன்று தோட்டா சேர்ந்தாற்போல் சுட வேண்டிய இடம் இரண்டாவது அறை. முதல் கூடு தாடையில் பட்டது. எரிச்சலில் எந்த மனிதனும் முகத்தைத் திருப்பத்தான் செய்வான். அவன் துவாரத்தின் பக்கமாகவே திருப்பிவிட்டான். மீதி இரண்டும் அதற்குள் வந்துவிட்டன. மேலே நின்று பார்க்கிற மேடைக்கு நான் ஏறிவிட்டிருந்தேன், அங்கிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. துப்பாக்கியை அவன் கீழே போடவில்லை. வலியிலும் சேஃப்டியைப் போட்டு, குழலைத் தரையைப் பார்த்துத் திருப்பி, மெதுவாக வைத்துவிட்டுத்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். நல்ல பையன்.

முதலுதவிப் பெட்டி வழக்கமாக வண்டியில் இருக்கும். அன்று நான் மேடைக்கே கொண்டுவந்து வைத்திருந்தேன். பஞ்சும் கட்டுத்துணியும் கூடுதலாக வைத்திருந்தேன். நிகழ்வு, பத்து நாற்பது, இடதுகை, முகம் என்று குறித்துக்கொண்டு இறங்கி ஓடினேன். ஓடும்போது படியில் கால் இடறியது, மறைக்க விரும்பவில்லை. என் மனைவியின் தம்பி ஐயா, எனக்கும் இருக்காதா?

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். "மாமா, கட்டுப் பிரிச்சதும் டீமுல சேத்துப்பாங்கல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். இடதுகைக்காரன் குறி பார்ப்பது இடது கண்ணால். நான், "பாக்கலாம் மாப்ள, பாக்கலாம்," என்றேன்.

வியாழக்கிழமை தலைவர் முன்னால் படிவத்தை வைத்தேன். ஏழாவது குறைக்கு நேராக எல்லாம் நிரப்பியிருந்தது. நாள், நேரம், யாருக்கு, என்ன, மருத்துவர் சான்று. ஒரு பத்திகூடக் காலியில்லை. இனி அவர் எந்த ஸ்கேலை எடுத்து வந்து அடிப்பார் என்று பார்க்கலாம் என்றுதான் நின்றேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவர் விசாரணைக்கு எழுதிப் போட்டார். ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. உங்கள் மேசையில் இருப்பதும் அதுதான். துப்பாக்கியில் குறை ஏதும் இல்லை, ஆர்மரரின் கவனக்குறைவால் தவறான துப்பாக்கி வழங்கப்பட்டது. ஏழாவது குறையை மறுபடியும் அடித்துவிட்டார்கள். ஆயிரத்து இருநூறு துப்பாக்கிக்கும் ஆர்டர் போய்விட்டது. எனக்கு ஒரு மெமோ. இருபத்தாறு வருஷத்தில் முதல் மெமோ ஐயா. கவனக்குறைவாம்.

லெஃப்ட்டு என்ன வாக்குமூலம் கொடுத்தான் தெரியுமா? "கண்ணாடிய நானாத்தான் கழட்டுனேன். மாமா மேல ஒரு தப்பும் இல்ல. அவருக்கு வேல ஜாஸ்தி, மாறிப்போச்சு." இப்போது ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள், பூட்ஸ்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறான். இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்பிப் பார்க்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறான். எனக்குச் சங்கடமாக இருக்கிறது, நான் அந்தப் பக்கம் போவதில்லை.

வீட்டில் அதைவிட மோசம். என் மாமியார் ஏதோ கேட்கப்போக, என் மனைவி, "வேணும்னா செஞ்சாரு? அவருக்கும் வயசாகுதும்மா, கைத்தவறா நடந்துபோச்சு," என்று சண்டைக்கே போய்விட்டாள். அன்று மாலை என்னிடம் வந்து, "நாளைக்கு லீவு போட்டுட்டு வாங்க, உங்களுக்கு ஒரு கண்ணாடி பாத்துருவோம்," என்றாள். பரிதாபப்படுகிறாள். என் வேலையில் என்னைப் பார்த்து யாரும் பரிதாபப்பட்டதில்லை. அதனால்தான் வந்தேன்.

பேனாவை வைத்துவிட்டீர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. வேண்டுமென்றே கொடுத்தேன் என்றால் அது துப்பாக்கியின் குறையே இல்லை, என் குற்றம், ஏழாவது குறை அடிபட்டது அடிபட்டதுதான் என்று சொல்லப்போகிறீர்கள். தலைவரும் அதைத்தான் சொல்வார். கண்ணாடியை எதற்கு வாங்கினாய், ஒரு கொப்புளம் போதாதா என்றும் கேட்பீர்கள். கொப்புளத்தைத்தான் நான் ஏற்கெனவே கொண்டுபோய்க் காட்டினேனே ஐயா, சிரித்தார்களே. கண்ணுக்குக் குறைந்த எதையும் அவர்கள் நிகழ்வு என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், நான் மறுக்கவில்லை. லெஃப்ட்டிடமும் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், என் மனைவியிடமும். அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். நான் கவனக்குறைவாக எதையும் செய்கிறவன் இல்லை. மாறி நல்லதைக் கொடுத்துவிடக் கூடாதே என்று, அவன் கையில் வைப்பதற்கு முன்னால் இரண்டு தடவை மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.